யுத்தம் ஓய்ந்த பின் திருக்கோணமலை

போர்களைப் பற்றி எழுதப்படும் வரலாறுகள் பெரும்பாலும் இரண்டு நாட்களை மறவாமற் குறிக்கின்றன. போர் மூண்ட நாள் ஒன்று. தோற்றவர் ஓலையிற் கையொப்பமிட்ட நாள் மற்றொன்று. பண்டைத் தமிழ் இலக்கண நூலாரும் ஆநிரை கவர்தல், மண்ணசையாற் படையெடுத்தல், மதிலை முற்றுதல், எதிர்நின்று பொருதல் என ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வொரு பூவின் பெயரைச் சூட்டி, வெற்றிக்கு வாகையை வகுத்து வைத்தனர். ஆயின் வாகை சூடிய மறுநாட் காலையிற் பிறக்கும் வேலைகள் சில உள. புகுந்த நாட்டு மக்களுக்குச் சோறிடுவது யார்? தோற்ற படையை எங்கே நிறுத்துவது? சிறைமீண்டவருள் எவரை முதலிற் கப்பலேற்றுவது? இவ்வேலைகளுக்கெனத் தனிப்பூ எதனையும் அவர்கள் வகுத்திலர். இன்றைய பேச்சு அந்தப் பெயரற்ற வேலையைப் பற்றியது. அதற்கு 1945ஆம் ஆண்டின் திருக்கோணமலைத் துறைமுகத்தினும் பொருத்தமான இடம் நம் நாட்டில் வேறில்லை.

திருக்கோணமலைத் துறைமுகத்தின் பெருமை அதன் ஆழத்திலும் அமைதியிலும் உள்ளது. வடகீழ்ப் பருவக்காற்று வீசினும் தென்மேற்குப் பருவக்காற்று வீசினும், உட்துறையிற் புகுந்த கப்பலுக்கு இடரில்லை. இதன் பொருட்டே போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், ஆங்கிலேயர் என்போர் ஒருவர்பின் ஒருவராக இதனை நாடினர். எனினும் துறைமுகம் வேறு, தளம் வேறு. கடல் ஆழமாயிருத்தல் இயற்கையின் கொடை. அதன் கரையில் எண்ணெயும் வெடிமருந்தும் நன்னீரும் அரிசியும் பட்டறையும் இருத்தல் மனிதர் செய்யும் வேலை. இவ்வேலையை ஆங்கிலேயர் 1920, 1930ஆம் ஆண்டுகளிற் பெருமளவிற் செய்தனர். சீனன்குடாவுக்கு அருகே காட்டை வெட்டி நூறளவான எண்ணெய்க் குதங்களை நிறுவினர். ஒவ்வொரு குதமும் ஏறத்தாழ 12,000 தொன் எண்ணெய் கொள்வது. ஒரு குதத்தின் எண்ணெய் பெரிய போர்க்கப்பல்கள் இரண்டு மூன்றை நிரப்பப் போதுமானது. தீவின் இருப்புப்பாதையும் 1920ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் திருக்கோணமலை வரை நீண்டது.

1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தபோது இத்தளம் போர்முனையாகிவிட்டது. அடுத்த மாதம் அட்மிரல் சேர் ஜெப்ரி லேற்றன் இலங்கையின் பிரதம தளபதியாக நியமிக்கப்பட்டார். படைகள் மட்டுமன்றித் தேசாதிபதியும் குடியியல் அதிகாரிகளும் அவருடைய ஆணைக்கு அமையவேண்டுமென விதிக்கப்பட்டது. இராணுவ நிருவாகம் என்பது பிறநாட்டிற் கேட்ட செய்தியாக இல்லாமல் நம் வாசலுக்கே வந்த காலம் அது. ஏப்ரில் 9ஆம் நாட் காலை யப்பானிய விமானங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை திருக்கோணமலையைத் தாக்கின. எண்ணெய்க் குதமொன்று எரிந்து பல நாள் புகைந்தது. துறைமுகத்தில் நின்ற சகாயிங் என்னும் கப்பல் தீப்பற்றியது. முந்திய இரவிலேயே துறையை விட்டகன்ற ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. நகரத்து மக்களிற் பலர் உடுத்த துணியோடு ஊரைவிட்டு நீங்கினர்.

பின்னர் ஆங்கிலக் கடற்படை ஆபிரிக்கக் கரைக்கு ஒதுங்கி, 1944ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே திருக்கோணமலைக்குத் திரும்பியது. அவ்வாண்டு ஏப்ரிலில் மவுண்ட்பாட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளையகம் புதுடில்லியிலிருந்து பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. பேராதனையில் எழுதப்பட்ட ஆணைகள் திருக்கோணமலையிற் செயலாயின. அச்செயல் இடையூறின்றி நடந்ததென்று கூறுவதற்கில்லை. 1944 ஆகஸ்டு 8ஆம் நாள், வேலியன்ற் என்னும் போர்க்கப்பலைப் பழுதுபார்க்கத் தூக்கி நின்ற மிதக்கும் துறையொன்று அதன் பாரந் தாங்காது முறிந்து மூழ்கியது. கப்பலும் பெருஞ் சேதமுற்றது. பகைவன் குண்டொன்றும் வீழாமலே, பாரத்தைப் பகிர்ந்து தாங்கவேண்டிய ஒழுங்கு பிழைத்தமையால் நேர்ந்த இழப்பு இது. பண்டமும் பாரமும் பற்றிய கணக்கு படைக்கு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

1945ஆம் ஆண்டின் நடுவில் இத்தளத்தின் முழு நோக்கமும் மலாயாவை மீட்பதாயிருந்தது. மலாயாவின் மேற்குக் கரையிற் செப்டெம்பரிற் படையிறக்குவதற்குத் திட்டம் வகுக்கப்பட்டிருந்தது. அத்தகைய படையிறக்கத்துக்குக் கப்பலில் ஏற்றும் முறை வேறு, வணிகர் ஏற்றும் முறை வேறு. வணிகர் இடம் வீணாகாமல் அடுக்குவர். படையினரோ எது முதலிற் கரையேற வேண்டுமோ அதனைக் கடைசியில் ஏற்றுவர். எனவே மேலே வீரரும் வண்டிகளும் வெடிமருந்தும் நிற்க, அடுத்த நாட்களுக்கும் வாரங்களுக்கும் உரிய உணவு கீழே கிடக்கும். போருக்கு இது நல்ல முறை. ஆனால் போர் திடீரென நின்றுவிட்டால்?

அவ்வாறே நின்றது. ஆகஸ்டு 15ஆம் நாள் யப்பான் பணிந்தது. அதே நாளில் மவுண்ட்பாட்டனின் பொறுப்பும் பெருகியது. பர்மா, மலாயா, சீயம் ஆகியவற்றோடு யாவாவும் இந்தோசீனாவின் தென்பாகமும் அவர் கையில் ஒப்படைக்கப்பட்டன. 12 கோடிக்கு மேற்பட்ட மக்கள்; ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட யப்பானியப் படையினர்; சிறைமுகாங்களில் வாடிய நேசநாட்டினர் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர். இவ்வளவுக்கும் கையிலிருந்தவை மலாயாவின் கடற்கரை ஒன்றைத் தாக்குவதற்கென ஏற்றப்பட்ட கப்பல்களே.

அக்கப்பல்களும் உடனே செல்ல இயலவில்லை. தோக்கியோக் குடாவில் முறைப்படி கையொப்பமாகும் வரை எவரும் எங்கும் படையிறக்கலாகாது என்று அமெரிக்கத் தளபதி மக்ஆதர் ஆணையிட்டார். புயல் காரணமாக அச்சடங்கு செப்டெம்பர் 2ஆம் நாள் வரை தள்ளிப்போயிற்று. சிதறிக் கிடந்த யப்பானியப் படைகள் தம் அரசரின் ஆணையை அறிந்து அமைதிகொள்ளக் காலம் வேண்டும் என்பது அவ்வாணையின் நியாயம். ஆனால் முகாங்களிற் கிடந்த நோயாளருக்கு ஒவ்வொரு நாளும் ஓர் உயிரின் விலையாயிருந்தது. கப்பல் செல்ல இயலாவிடத்து விமானம் சென்றது. ஆகஸ்டு 28ஆம் நாள் முதல் விமானங்கள் முகாங்களின் மேற் பறந்து, போர் முடிந்ததென்னும் செய்தித்தாள்களைத் தூவின. பின்னர் உணவும் மருந்தும் மருத்துவரும் வான்வழியே இறங்கினர்.

திருக்கோணமலையிலிருந்து பினாங்கு ஏறத்தாழ 1,200 கடல் மைல். மணிக்குப் பன்னிரண்டு மைல் வேகத்திற் செல்லும் சரக்குக் கப்பலுக்கு நான்கு பகல் நான்கு இரவுப் பயணம். திருக்கோணமலையைத் தளமாகக் கொண்ட கிழக்கிந்தியக் கடற்படையின் நெல்சன் என்னும் போர்க்கப்பலில், செப்டெம்பர் 2ஆம் நாள் பினாங்கின் யப்பானியத் தளபதி பணிந்து கையொப்பமிட்டார். மறுநாட் கடற்படை வீரர் அத்தீவில் இறங்கினர். ஆகஸ்டு இறுதியில் திருக்கோணமலையிலிருந்தும் இரங்கூனிலிருந்தும் புறப்பட்ட கப்பல்கள் சிங்கப்பூரை அடைய, செப்டெம்பர் 5ஆம் நாள் இந்தியப் படைப்பிரிவொன்று அங்கே கரையேறியது. 12ஆம் நாள் நகரமண்டபத்தில் மவுண்ட்பாட்டன் முன்னிலையிற் பெருஞ் சடங்கு நிகழ்ந்தது.

இவற்றுக்கிடையே செப்டெம்பர் 9ஆம் நாள், முன்பு வகுத்த திட்டப்படியே மலாயாவின் மொரிப் கடற்கரையிலும் போட்டிக்சனிலும் பெரும்படை இறங்கியது. எதிர்ப்பவர் எவருமிலர். ஆயினும் ஏற்றிவிட்ட கப்பல்களை மீண்டும் இறக்கி வேறு முறையில் ஏற்றுவதற்கு நேரமில்லாமையால், போருக்கென ஏற்றியவாறே அவை சென்றன. மொரிப் கடற்கரையில் மேலே மணல், கீழே சேறு. வண்டிகள் பல சேற்றிற் புதைந்து கடல்நீரில் அமிழ்ந்தன. எதிரி சுட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று பிற்கால ஆய்வாளர் வினவுவதுண்டு. எதிரி சுடாதபோதும் கரையின் தன்மையை அறியாத படைக்குக் கரையே எதிரியாகிறது என்பதே இங்கு நாம் அறியத்தக்கது.

கரையேறிய படை தன்னையே அரசாங்கமாக அறிவித்துக்கொண்டது. மலாயாவிற் பிரித்தானிய இராணுவ நிருவாகம் என்னும் அவ்வாட்சி 1946 மார்ச்சு 31ஆம் நாள் வரை நீடித்தது. அதன் முதற் செயல்களில் ஒன்று பணத்தைப் பற்றியது. யப்பானியர் வெளியிட்ட நோட்டுகள் செல்லாவென அது அறிவித்தது. வாழைமரம் அச்சிட்ட அந்தப் பத்து வெள்ளித் தாள்கள் அளவின்றி அச்சிடப்பட்டு முன்னரே மதிப்பிழந்திருந்தன. அவற்றை ஏற்றிருந்தால் புதிய ஆட்சியும் அந்தப் பள்ளத்திலேயே வீழ்ந்திருக்கும். ஆனால் மூன்றரை ஆண்டு உழைத்துச் சேர்த்த கூலி முழுவதையும் அத்தாள்களிலேயே வைத்திருந்த தோட்டத் தொழிலாளி ஒரே நாளில் ஒன்றுமில்லாதவனானான். கணக்கின்படி சரியான செயல், குடிசையிற் கேடாக முடிந்தது.

இரண்டாவது சிக்கல் அரிசி. போருக்கு முன் பர்மா ஒன்றே ஆண்டுதோறும் முப்பது இலட்சம் தொன்னளவு அரிசியை ஏற்றுமதி செய்தது. இலங்கையும் மலாயாவும் அதனை நம்பியே உண்டன. போரினால் பர்மாவின் வயல்கள் தரிசாயின, உழவுமாடுகள் அழிந்தன. 1946 ஜனவரி முதல் நாட் செய்த உடன்படிக்கையிற் சீயம் 15 இலட்சம் தொன் அரிசியை இலவசமாகத் தரவேண்டுமென எழுதிக்கொண்டனர். ஆனால் விலையில்லாத அரிசியை எந்த உழவனும் வணிகனும் மனமுவந்து வெளிக்கொணரவில்லை. அது களஞ்சியத்தில் ஒளிந்தது. எல்லை கடந்து மறைந்தது. சில மாதங்களில் விலைகொடுத்து வாங்கும் முறைக்கு ஆங்கிலேயர் மாற நேர்ந்தது. இதற்கிடையில் மலாயாவிற் பங்கீட்டு அரிசி சுருங்கிற்று. கறுப்புச் சந்தை பெருகிற்று. அந்த நிருவாகத்தின் ஆங்கிலப் பெயர் மூன்று எழுத்துகளிற் சுருங்கும். அவ்வெழுத்துகளுக்கு மக்கள் ‘கறுப்புச் சந்தை நிருவாகம்’ என்று புதுப்பொருள் கண்டனர்.

மூன்றாவது சிக்கலே நம் நெஞ்சைத் தொடுவது. கப்பலில் இடம் குறைவு, செல்லவேண்டியவர் பலர். யாரை முதலில் ஏற்றுவது? நேசநாட்டுப் போர்க்கைதிகளும் ஐரோப்பியச் சிறைவாசிகளும் பட்டியலின் தலையில் நின்றனர். அவர்கள் பட்ட துன்பத்தை நோக்கின் அது முறையே. ஆனால் சீயம் பர்மா இருப்புப்பாதையை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் அவர்களோடு அதே காட்டில், அதே கொள்ளைநோயிற் கிடந்தவர்களே. 415 கிலோமீற்றர் நீளமான அப்பாதை 1943 ஒக்டோபரில் முடிந்தபோது, அதன் இருமருங்கும் ஆசியத் தொழிலாளரின் பெயரெழுதாப் புதைகுழிகள் பல்லாயிரம் இருந்தன. படைவீரனுக்கு எண்ணும் பெயர்ப்பட்டியலும் அவனைத் தேடும் அரசாங்கமும் இருந்தன. கூலியாளுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. ஆதலால் எஞ்சியிருந்த தமிழரிற் பலர் 1946ஆம் ஆண்டிலேயே தம் தோட்டங்களை மீண்டும் கண்டனர். எவரும் அவர்களை வேண்டுமென்று விலக்கினார் என்று சொல்லவேண்டுவதில்லை. பட்டியலிற் பெயரில்லாதவனைப் பட்டியல் தானாகவே பின்னுக்குத் தள்ளிவிடும்.

இந்த வேலைகளையெல்லாம் செய்த கைகளும் சோர்ந்திருந்தன. அமெரிக்கா கடனாகவும் குத்தகையாகவும் தந்துவந்த உதவி, போர் முடிந்தவுடன் நின்றது. நெடுங்காலம் கீழ்த்திசையிற் பணிபுரிந்த ஆங்கில வீரரை ஊருக்கனுப்பும் காலவரை குறைக்கப்பட்டமையால், பழகிய கணக்கரும் பொறிவல்லாரும் முதலிற் சென்றனர். எஞ்சியோர் 1946 ஜனவரியிற் பொறுமையிழந்தனர். இந்தியாவிலும் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் விமானப்படையினர் ஊர் திரும்பும் நாள் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அதற்கு முன்னரே, 1945 ஒக்டோபரிற் சிங்கப்பூர்த் துறைமுகத் தொழிலாளர் ஏழாயிரவர் வேலையை நிறுத்தியிருந்தனர். யாவாவின் விடுதலைப் போரை அடக்கச் செல்லும் கப்பல்களில் ஆயுதம் ஏற்றமாட்டோம் என்பதும் அவர்களது குரல்களுள் ஒன்று. நிருவாகம் பணிந்த யப்பானிய வீரரைக் கொண்டு அவ்வேலையைச் செய்வித்தது. நேற்றுவரை பகைவனாயிருந்தவன் இன்று கூலியின்றிச் சுமை தூக்குகிறான்; நேற்று விடுவிக்கப்பட்டவன் கூலி போதாதென்று வெளியே நிற்கிறான். யப்பானியப் படையினரிற் பலர் 1947ஆம் ஆண்டு வரை இவ்வாறு வேலை வாங்கப்பட்டனர்.

இனி, திருக்கோணமலையின் நிலை யாது? போர்க்காலத்தில் இலங்கை மக்கள் கூப்பன் அரிசிக்குப் பழகியிருந்தனர். நாடெங்கும் பெருகிய கூட்டுறவுப் பண்டகசாலைகள் மூலம் பங்கீடு நடந்தது. படை வேலைகள் உணவைச் சுருக்கினாலும் கூலியைப் பெருக்கின. துறைமுகப் பட்டறையிலும் எண்ணெய்க் குதங்களிலும் விமானத்தளத்திலும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் மலையாளிகளும் அருகருகே உழைத்தனர். தம்பலகாமத்து வயலை விட்டு வந்தவரும் மூதூர், கிண்ணியாக் கரைகளிலிருந்து தோணியில் வந்தவரும் மாதச் சம்பளத்தைக் கண்டனர். போர் ஓய்ந்ததும் தற்காலிக வேலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தீவெங்கும் படைவேலை இழந்தோர் பெருகினர். மலாயாவில் இறங்கிய படை அங்குள்ளோருக்குச் சோறு தேடியபோது, அப்படையை அனுப்பிய துறையிலுள்ளோர் வேலை தேடினர்.

படை விட்டுச்சென்ற நற்பேறுகளும் இல்லாமற் போகவில்லை. மலேரியாவால் நலிந்த கீழ்மாகாணத்துக்கும் வன்னிக்கும் படைமுகாங்களிற் சோதித்தறிந்த டி.டி.டி. மருந்து பெருந்துணையாயிற்று. 1946ஆம் ஆண்டில் நாடு முழுவதும் அதனைத் தெளிக்கத் தொடங்கினர். அவ்வாண்டில் ஆயிரம் பேருக்கு 20 என்றிருந்த இறப்பு வீதம் 1947இல் 14 ஆகக் குறைந்தது. மருந்தொன்றே இதற்குக் காரணமன்று; மருத்துவமனைகளும் உணவுநிலையும் திருந்தியமையும் காரணமே. கட்டளையகம் தன் வீரருக்கென நடத்திய வானொலி நிலையத்தின் ஏக்கல ஒலிபரப்பிகள் 1949இல் இலங்கை அரசிடம் வந்தன. அவற்றின் வலிமையாலேயே இலங்கை வானொலியின் தமிழோசை கடல்கடந்து தமிழ்நாட்டின் தெருக்களிலும் கேட்டது. படைவீரரை மகிழ்விக்க நாட்டிய கம்பம் ஊராருக்குப் பாட்டும் பேச்சும் கொணர்ந்தது.

தளமோ உடனே கைமாறவில்லை. 1947ஆம் ஆண்டுப் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி, இலங்கை சுதந்திரமடைந்த பின்னரும் ஆங்கிலக் கடற்படை திருக்கோணமலையிலேயே இருந்தது. பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க நடத்திய பேச்சுகளின் பயனாக 1957 ஒக்டோபர் 15ஆம் நாளிலேயே தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. யப்பான் பணிந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. வாளை ஒரு நாளில் உறையிலிடலாம். பண்டகசாலையின் திறவுகோலைக் கைமாற்றுவதற்கோ ஆண்டுகள் செல்கின்றன.

அப்பண்டகசாலை இன்னும் தன் கதையை முடிக்கவில்லை. 1942இல் தீப்பற்றிய சகாயிங் கப்பலின் உடலை இலங்கைக் கடற்படையினர் 2018இல் நீருக்கு மேலே கொணர்ந்தனர். எஞ்சிய 99 எண்ணெய்க் குதங்களைப் பற்றி 2022 ஜனவரியில் இலங்கையும் இந்தியாவும் புதிய உடன்பாடு செய்தன. அதன்படி 14 குதங்கள் இந்திய நிறுவனத்திடமும் 24 குதங்கள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும் அமைய, 61 குதங்கள் இருவரும் பங்குகொள்ளும் கம்பனிக்கு உரியவாயின. போர்க்கப்பல்களுக்கென நிறுவிய இரும்பு, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தும் நாடுகளின் பேரத்திற்குப் பொருளாயிருக்கின்றது.

வெற்றி பெற்ற தளபதியின் பெயரை நூல்கள் போற்றும். ஆனால் 1945ஆம் ஆண்டின் அந்தச் சில மாதங்களில், ஒரு நாட்டின் மக்கள் பிழைத்தனரா நலிந்தனரா என்பதைத் தீர்மானித்தது பீரங்கியன்று. எந்தக் கப்பலில் எது மேலே, எது கீழே. எந்தப் பெயர் பட்டியலில் முன்னே, எது பின்னே என்னும் கணக்கே தீர்மானித்தது. அக்கணக்கை எழுதியவர் பெரும்பாலும் தீயவரல்லர். அவசரத்தில் தமக்குத் தெரிந்த பெயர்களை எழுதினர். தெரியாத பெயர்களையும் தேடி எழுதவேண்டும் என்பதே நிருவாகத்தின் அறம். சீயக் காட்டில் தம் முறைக்குக் காத்துக்கிடந்த தமிழ்த் தொழிலாளர் நமக்கு விட்டுச்சென்ற பாடமும் அதுவே.